பயிற்சி முடிந்த மறுநாள் வகுப்பறையில்

அன்புள்ள ஐயா,

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். குழந்தைகளின் கல்வி குறித்து நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படிப்பதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ஆண்டுதோறும் எங்களைப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்புகிறார்கள். பகல் முழுவதும் உரை, குழுவாக உட்கார்ந்து அட்டையில் எழுதுதல், ஒரு பாட்டு, மாலையில் சான்றிதழ். அங்கே இருக்கும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் இருபது குழந்தைகளுக்கு நடுவே நிற்கும்போது பழையபடியே நடத்துகிறேன். சென்ற முகாமில், ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேளுங்கள் என்றார்கள். கேட்டேன். குழந்தைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பதிலையும் நானே சொன்னேன்.

எங்கள் பள்ளியில் நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். புதிய கற்பித்தல் கருவிகள் வாங்கித் தரவும் பள்ளியால் முடியாது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு படிப்பு எதற்கு என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நான் இந்த வேலையில் தேர்ச்சி பெற என்னதான் வழி?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முகாமில் புரிந்தது வகுப்பில் கைகூடாமல் போவது உங்கள் குறையல்ல. ஆசிரியர் பயிற்சியை 1980களில் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் இதையே கண்டார்கள். ஒரு முறையை விளக்கிச் சொல்லலாம், செய்து காட்டலாம், முகாமிலேயே செய்துபார்க்கவும் வைக்கலாம். அதன் பிறகும் பெரும்பாலான ஆசிரியர்களின் வகுப்பில் அது இடம்பெறுவதில்லை. கூடவே இருந்து பார்த்து, பேசித் திருத்த ஓர் ஆள் கிடைக்கும்போதுதான் அது பழக்கமாகிறது. உங்களுக்குக் கிடைத்தது முன்பாதி மட்டும். பின்பாதியைத் தராமல் சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, அதை ஆசிரியர் மேம்பாடு என்று அழைப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அந்தப் பின்பாதியை நீங்களும் உடன் பணிபுரியும் ஒருவரும் சேர்ந்து உங்கள் பள்ளிக்குள்ளேயே அமைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் என் பதில்.

முதலில் அந்தக் கேள்வியைப் பார்ப்போம். கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் கேள்வியை மாற்றினார்கள், வேறொரு மாணவரிடம் போனார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொன்னார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன. தாமாகப் பேச முன்வருபவர்கள் கூடினார்கள். மௌனமாக இருந்துவிடுவது குறைந்தது. மாணவர் பேசி முடித்த பிறகும் அதேபோல் பொறுத்திருப்பது பலன் தந்தது. அவர் ஆராய்ந்தவர்கள் உங்கள் குழந்தைகளைவிடப் பெரியவர்கள். மூன்று வயதுக் குழந்தை சொல்லைத் தேடி, வாக்கியமாகக் கோத்து, வாய் திறக்க இன்னும் கூடுதல் நேரம் வேண்டும் என்றே நினைக்கிறேன். மனத்துக்குள் ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். அதன் கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள். பெரியவர்களின் பார்வையே சில குழந்தைகளின் வாயை அடைத்துவிடும்.

சில நேரங்களில் கேள்வியே வேண்டாம். இது என்ன நிறம் என்று கேட்டால், பதில் உங்களுக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். ‘மேலே போகப் போக இந்தக் கோபுரம் ஆடுகிறதே’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். கீழே பெரிய கட்டை வைக்க வேண்டும் என்று ஒரு குழந்தை சொல்லலாம், இன்னொன்று மறுக்கலாம். பேச்சு அங்கிருந்து தானாக நகரும்.

கட்டைகளைக் கொண்டே நடந்த ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பின் மூன்று வயதுகளும் அப்படியே அதில் இருக்கின்றன. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் வெளியிட்டது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து 21 மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு பிரமிடு கட்ட வேண்டும். உதவிக்கு ஒருவர் இருந்தார். குழந்தையால் முடிந்ததை எல்லாம் குழந்தையே செய்ய விட வேண்டும் என்பது அவருக்கு விதி. மூன்று வயதுக் குழந்தைகள் அவர் சொன்னதைப் பெரும்பாலும் காதில் வாங்கவில்லை. அவர்களை அந்த வேலைக்குள் ஈர்த்து வைத்திருப்பதே அவருடைய பணியாகிவிட்டது. நான்கு வயதுக் குழந்தைகளைச் சொல்லால் தூண்டவும் திருத்தவும் முடிந்தது. ஐந்து வயதுக் குழந்தைகளோ தாங்களே கட்டிவிட்டு, சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளவே அவரை நாடினார்கள். உதவியவர் ஒருவர், அவர் செய்ய வேண்டியிருந்த வேலை மூன்று.

உங்கள் வகுப்பில் மூன்று, நான்கு, ஐந்து வயதினர் எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அனைவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொன்னால் பாதிப் பேருக்கு அது போய்ச் சேராது. மிகச் சிறியவர்களிடம் பேச்சைக் குறைத்து, அருகில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பொருத்திக் காட்டுங்கள். ஐந்து வயதுக் குழந்தை கேட்கும் வரை அதன் கட்டையைத் தொடாதீர்கள்.

இப்படிச் செய்ய, எந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு குழந்தையை மட்டும் ஐந்து நிமிடம் கவனித்து, இரண்டு வரி எழுதிவையுங்கள். கண்டதை எழுத வேண்டும். முடிவை எழுதக் கூடாது. ‘கவனமில்லாத பையன்’ என்பது முடிவு. ‘கதை நேரத்தில் ஜன்னலுக்குப் போனான், எறும்பு வரிசையை விரலால் தொடர்ந்தான், கதையில் யானை வந்ததும் திரும்பினான்’ என்பது கண்டது. முதல் குறிப்பை வைத்துக்கொண்டு அவனுக்காக எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதிலிருந்து நாளைய பாடமே கிடைக்கிறது.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளின் புகழுக்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். லோரிஸ் மலகுஸ்ஸி வழிகாட்டிய அப்பள்ளிகளில், குழந்தைகளின் பேச்சையும் அவர்கள் வரைந்த படங்களையும் ஆசிரியர்கள் பதிவுசெய்கிறார்கள்; பிறகு ஒன்றாக உட்கார்ந்து, இந்தக் குழந்தை என்ன யோசித்துக்கொண்டிருக்கிறது என்று விவாதிக்கிறார்கள். அப்பள்ளிகளின் பொருள்களையும் அறை அமைப்பையும் நகலெடுக்கப் பலர் இருக்கிறார்கள். அந்த உரையாடலை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. கருவிகள் வாங்க வழியில்லை என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

கதை நேரத்துக்குப் புதிய உத்தி தேடாதீர்கள். ஒரே கதைப் புத்தகத்தை வாரம் முழுவதும் படியுங்கள். நாள் செல்லச் செல்லக் கதை சொல்லும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விடுங்கள். அது போதும்.

அடுத்து, உடன் பணிபுரியும் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். அவர் உங்களைவிட மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் உங்கள் வகுப்பைப் பத்து நிமிடம் பதிவுசெய்து இருவரும் பாருங்கள். (பள்ளியிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிய பிறகே பதிவு, பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும், யாருக்கும் அனுப்பக் கூடாது.) எல்லாவற்றையும் ஒரே நாளில் அலச வேண்டாம். கேட்டபின் எத்தனை விநாடி பொறுத்தேன் என்பதை மட்டும் பாருங்கள். அது கைவந்த பிறகு, எந்தக் குழந்தையிடம் நான் ஒருமுறைகூடப் பேசவில்லை என்று பாருங்கள். இந்தக் கேள்வி வலிக்கும். அமைதியான குழந்தைகள் எவ்வளவு எளிதாக நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறார்கள் என்பது பதிவில்தான் தெரியும். கூட இருந்து பார்ப்பவர் உங்களைப் பாராட்டவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம். குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லட்டும். அடுத்த வாரம் நீங்கள் அவருக்கு இதைச் செய்யுங்கள்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மழலையர் கல்வியின் பயனுக்குப் பலரும் காட்டும் சான்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் யிப்சிலாண்டி என்ற ஊரில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளித் திட்டம். வறுமையில் வளர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. 40 வயதில் அவர்களைப் பார்த்தபோது, இடம் கிடைக்காதவர்களைவிட வருமானம் கூடுதலாகவும், கைது செய்யப்படுவது குறைவாகவும் இருந்தது. இந்த முடிவை மேடையில் சொல்பவர்கள், அங்கே ஆசிரியர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய ஆறு குழந்தைகள்தான். வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய்த் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்கள். வெறுமனே பார்த்துக்கொள்ள இவ்வளவு தேவைப்படாது என்று வீட்டில் சொல்லுங்கள்.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம், குழந்தைகள் இல்லாத நேரம், பணி நேரத்துக்குள்ளேயே வேண்டும். குறிப்புகளைப் படிக்கவும் தோழியோடு பேசவும் அடுத்த வாரத்தைத் திட்டமிடவும் அந்த நேரம். வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடனே கிடைக்காது, சில மாதக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன குழந்தை இப்போது காரணத்தோடு பேசுகிறது என்பதைத் தேதியோடு காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் அதையே படியுங்கள். தங்கள் குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தை ஆசிரியை எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, நோட்டில் எத்தனை பக்கம் என்று பெற்றோர்கள் கேட்பது குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்.