மாத்திரை போட்ட பிறகு எடுத்த ரத்தம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி 14 மாதம் ஆகிறது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் ரத்த அளவு (லெவல்) எப்போதும் 6, 7 என்று வரும், இந்த முறை 15. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அதே 1.2தான். அன்று காலை 8 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, 10 மணிக்கு ரத்தம் கொடுத்தார். இரவு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டாக்ரோலிமஸ் விழுங்கிய 1 முதல் 3 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், பிறகு மெல்ல இறங்கும். நாங்கள் பார்க்க நினைப்பது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு மிச்சமிருக்கும் அளவை. இரவு 8க்குப் போட்டால் மறுநாள் காலை 8 மணி வாக்கில், மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே வேளை போடும் வகை என்றால் 24 மணி நேர இடைவெளி. 10 மணிக்கு எடுத்த 15ஐப் பழைய 7ஓடு ஒப்பிடவே முடியாது, அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் மாற்று உறுப்பை உடல் எதிர்க்கத் தொடங்கிவிடலாம்.

ரத்தம் எடுப்பவர் கடைசி மாத்திரை எப்போது என்று கேட்காமல் ஊசி குத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நீங்களே சொல்லுங்கள், சீட்டிலும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும், கையில் பஞ்சு ஒட்டியதுமே விழுங்கட்டும். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று டிராஃபிக்கில் மாட்டி மறந்தவர்கள் உண்டு.

சரி, உண்மையிலேயே ஏறவும் வாய்ப்பு உண்டா? உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் டாக்ரோலிமஸ் லெவல் பெரும்பாலும் கூடும், ஏனென்றால் அதில் ஒரு பங்கைக் குடல் சுவரே சிதைத்துவிடும், குடல் புண்ணானால் அந்த வேலை நடக்காது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியசெம் இவையும் ஏற்றும், பம்ப்ளிமாஸ் பழமும்தான். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக மளமளவென்று இறக்கிவிடும். அப்புறம், வேறு லேபுக்கு மாறினால் பரிசோதிக்கும் முறை மாறி எண்ணும் கொஞ்சம் மாறலாம், அதனால் ஒரே லேபில் பாருங்கள்.

இன்றே சிறுநீரக மருத்துவரிடம் ரத்தம் எடுத்த நேரத்தைச் சொல்லி, மறுபடி எப்போது எடுப்பது என்று கேளுங்கள். டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா (லெவல் கூடினால் நடுங்கலாம்), வயிற்றுப்போக்கு இருக்கிறதா, இந்த மாதம் புது மருந்து ஏதாவது சேர்ந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.