ஹாஜியாருக்கும் அயல் பங்குதாரருக்கும் நடுவே பேசுவது எப்படி?

கேள்வி: கொழும்பு மாளிகாவத்தையில் ஒரு பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையில் இருக்கிறேன். புறக்கோட்டையில் கூட்டாகப் புடவைக்கடை நடத்திய இருவருக்குள் கணக்குத் தகராறு. ஒருவர் எங்கள் மஹல்லா (பள்ளிவாசல் வட்டார) ஹாஜியார், மற்றவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த இந்துத் தமிழர். என்னைத் தீர்த்துவைக்கச் சொல்கிறார்கள். மார்க்க முறைப்படி இதைச் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுக்குள்ள பெரிய சிக்கல் கணக்கு அல்ல, நீங்கள் ஹாஜியாரின் ஆள் என்பதுதான்.

குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தை 105ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். மதீனாவில் ஒரு கவசம் திருட்டுப் போனது. திருடியவனின் குடும்பத்தார் பழியை ஒரு யூதர் மேல் போட்டுவிட்டு, நபி (ஸல்) அவர்களிடம் தங்கள் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று வசனம் இறங்கி, அந்த யூதர் மீதான பழி நீங்கியது என்று தப்ஸீர்கள் (குர்ஆன் விரிவுரைகள்) சொல்கின்றன. நம்ம ஆளாச்சே என்று மனம் சாயும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தனியாக உட்காராதீர்கள். கணவன் மனைவி பிணக்குக்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது அதே அத்தியாயத்தின் 35ஆம் வசனம். வியாபாரத் தகராறுக்கும் அது நல்ல முன்மாதிரி. கொட்டாஞ்சேனைக்காரர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். கணக்கு தெரிந்த மூத்த வியாபாரி என்றால் இன்னும் நல்லது. பேசும் இடம் பள்ளிவாசல் காரியாலயமாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நபித்தோழர் அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரண்டாமவர் பேச்சையும் கேட்கும்வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். ஹாஜியார் ஜும்ஆ முடிந்து வாசலில் நின்றே தன் பக்கத்தை உங்களிடம் சொல்லி முடித்திருப்பார். மற்றவருக்கும் அதே நேரம், அதே பொறுமை வேண்டும். ஒருவரை "வாங்க ஹாஜியார்" என்று எழுந்து வரவேற்று, மற்றவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் காரியம் அங்கேயே கெட்டுவிடும்.

விட்டுக்கொடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு சம்பவம் உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) தனக்கு வரவேண்டிய கடனைப் பள்ளியில் வைத்துக் கேட்க, இருவர் சத்தமும் கூடிவிட்டது. நபியவர்கள் வீட்டுத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கையால் சைகை காட்டினார்கள். கஅப் சம்மதித்தார். உடனே கடன் வாங்கியவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுத்துவிடும் என்றார்கள். நம் ஊரில் பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். "கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்று நெருக்குவார்கள். அப்புறம் மீதிக்கு ஒரு தவணைகூடக் குறிக்காமல் ஸலவாத்து (நபி மீதான வாழ்த்து) சொல்லி எழும்பிவிடுவார்கள். விட்டுக்கொடுத்தவர் ஆறு மாதம் கழித்தும் அலைந்துகொண்டிருப்பார். இது அநியாயம். முதலில் கணக்குப் புத்தகம், பில், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் இருவர் முன்னிலையிலும் பாருங்கள். யாருக்கு எவ்வளவு உரிமை என்று தெரிந்த பிறகே தள்ளுபடியைப் பற்றிப் பேசுங்கள். அதுவும் உரிமைக்காரர் மனம் ஒப்பினால் மட்டும்.

சமாதானத்துக்காக நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்ற ஹதீஸை (நபிமொழியை) சிலர் உங்களுக்கு நினைவூட்டக்கூடும். அது மனதை இளக்குவதற்கு. தொகையைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு அல்ல.

முடிவு எட்டியதும் குர்ஆனின் அல்பகறா அத்தியாயம் 282ஆம் வசனம் சொல்வதுபோல் எழுதி, சாட்சி வையுங்கள். தொகை, தவணைத் திகதிகள், தவறினால் என்ன செய்வது எல்லாம் அதில் வர வேண்டும். ஒப்பமிடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

சரிவராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்கு என்றால், அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அதனால் உங்கள் பேச்சுவார்த்தையை வருடக்கணக்கில் இழுக்காதீர்கள். எழுத்தில் இல்லாத உடன்பாட்டுக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான்.