கார்ல்ஸ்பாட் குகைக்குப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

நியூ மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், சிவாவா பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்கா பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டது. எந்த ஹோட்டல், எந்த விமானம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம், அவற்றைத் தள்ளிவிட்டேன். குகையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

அக்கா, நேரில் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமா?

உள்ளே இறங்கும் நேரத்துக்கு முன்பதிவு வேண்டும். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் 1 டாலர். அது நேரத்துக்கான காசு மட்டும்தான். நுழைவுக் கட்டணம் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 15 டாலர், அதை அங்கே போய்த் தனியாகக் கட்ட வேண்டும். 15 வயது வரை கட்டணம் இல்லை. கோடை விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

லிஃப்டில் இறங்குவதா, நடப்பதா? கணவர் லிஃப்ட் என்கிறார்.

முட்டி ஒத்துழைத்தால் நடந்து இறங்குங்கள், ஏறுவதற்கு லிஃப்டை வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை வாசலிலிருந்து பாதை 1.25 மைல், 750 அடி இறக்கம். வளைந்து வளைந்து போகும், நல்ல செங்குத்து. முதல் வளைவுகளில் தலைக்கு மேல் குருவிகள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், வவ்வால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பின்னால் தெரிந்த வானம் ஒரு பிறை அளவுக்குச் சுருங்கிவிடும். வெயிலில் கூசிய கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், லிஃப்டில் போனால் அந்த நேரமே கிடைக்காது. கீழே ‘பெரிய அறை’ (Big Room) என்ற கூடத்தைச் சுற்ற இன்னொரு 1.25 மைல் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சமதளம்.

ஒரு எச்சரிக்கை: லிஃப்ட் பழுதாவது உண்டு. 2015 நவம்பரில் ஒன்று உடைந்து மாதக்கணக்கில் ஓடவில்லை. கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் தளத்தைப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத நாளில் இறங்கிய 750 அடியையும் ஏறித்தான் வர வேண்டும்.

ஜூலையில் போகிறோம், வெளியே 100 டிகிரி. ஸ்வெட்டர் தேவையா?

தேவை. உள்ளே வருடம் முழுக்க 56 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 செல்சியஸ். ஈரம் வேறு. அடி வழுக்காத ஷூ போடுங்கள். அந்த ஷூ வேறு குகைக்குள் போட்டதாக இருக்கக் கூடாது. வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வவ்வால்களைக் கொன்றிருக்கிறது. மனிதர்களின் ஷூவிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அது இடம் மாறும். போன மாதம் வேறு குகைக்குப் போட்டுப்போன ஜாக்கெட்டும் வேண்டாம்.

ஒன்றரை வயதுக் குழந்தை. ஸ்ட்ரோலர்?

உள்ளே அனுமதி இல்லை. முதுகில் சுமக்கும் கேரியர் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. அவர் மேலேயே இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம், அழைத்துப் போங்கள். லிஃப்டில் இறங்கினால் பெரிய அறையின் ஒரு பகுதி சக்கர நாற்காலிக்கு ஏற்றது. எந்தக் கிளைப்பாதையில் திரும்பக் கூடாது என்பதை ரேஞ்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வவ்வால்கள் வெளியே பறப்பதை ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் எடுக்கலாமா?

கூடாது. மே இறுதி முதல் அக்டோபர் வரை, மாலையில் வாசலருகே உட்கார்ந்து பார்க்கலாம், இலவசம். அந்த நேரத்தில் கேமரா, ஃபோன், மின்னணுச் சாதனம் எதுவுமே கூடாது.

மேடம், நான் வேதியியல் ஆசிரியர். சுண்ணாம்புக் குகை என்றால் மழைநீரின் கார்பானிக் அமிலம்தானே? கந்தக அமிலம் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கதையா?

கதை இல்லை சார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

உலகத்தின் பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகள் நீங்கள் சொல்வது மாதிரிதான். மழைநீர் மண்ணிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே கரைத்துக்கொண்டு போகும். கார்ல்ஸ்பாடில் அமிலம் கீழேயிருந்து வந்தது. குகை இருக்கும் பாறை, சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரத்தில் கடலுயிர்கள் கட்டி வளர்த்த சுண்ணாம்புத் திட்டு, பெயர் கேப்பிட்டன். பக்கத்திலேயே டெலவேர் படுகையின் எண்ணெயும் எரிவாயுவும். அங்கிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பாறை வெடிப்புகள் வழியே மேலே கசிந்து, ஆக்ஸிஜன் கலந்த நிலத்தடி நீரைச் சந்தித்தது. கிடைத்தது கந்தக அமிலம். அது சுண்ணாம்புக்கல்லைத் தின்றால் என்ன மிஞ்சும் என்பது உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்: ஜிப்சம். பெரிய அறையில் வெள்ளை ஜிப்சம் பாளங்கள் இன்றும் கிடக்கின்றன, சொட்டு நீர் அவற்றில் துளை போட்டிருக்கும். நின்று பாருங்கள். எல்லோரும் அதைத் தாண்டிப்போய்த் தூண்களைத்தான் படம் எடுப்பார்கள்.

அமிலம் வேலை செய்யும்போது உண்டான அலுனைட் என்ற கனிமத்தை வைத்துக் காலத்தையும் கணித்திருக்கிறார்கள். பெரிய அறைக்கு வயது சுமார் 40 லட்சம் ஆண்டு. இவ்வளவு பெரிய அறையைக் குடைய ஒரு ஆறும் ஓடவில்லை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, அறையில் காற்று நிரம்பிய பிறகுதான் உங்கள் மழைநீர் வருகிறது. தொங்குவது, முளைப்பது, திரை மாதிரி விரிவது எல்லாம் அதன் கைவேலை. வெட்டியது கந்தகம், அலங்கரித்தது கார்பானிக். இப்போது பாலைவனம் காய்ந்து கிடப்பதால் பெரும்பாலானவை வளர்வதில்லை.

லெச்சுகியா குகைக்குள் போக முடியுமா?

முடியாது. அது இதே பூங்காவில் இருக்கும் இன்னொரு குகை. 150 மைலுக்கு மேல் அளந்திருக்கிறார்கள், ஆய்வாளர்களுக்கும் அளவெடுப்பவர்களுக்கும் மட்டும் அனுமதி.

சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோகலாமா? பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

குகைப் பாதையில் வெறும் தண்ணீர் மட்டும்தான், சூயிங்கம்கூடக் கூடாது. 2024-ல் யாரோ ஒரு சீட்டோஸ் பாக்கெட்டைப் பெரிய அறையில் கீழே போட்டுவிட்டார்கள். ஈரத்தில் சோளமாவு ஊறி, பூஞ்சை பிடித்து, குகைப் பாச்சைகளும் பூச்சிகளும் மொய்த்தன. சுற்றியிருந்த பாறைகளிலும் பூஞ்சை பரவ, ரேஞ்சர்கள் உட்கார்ந்து துடைத்தெடுத்தார்கள். மேலேயே சாப்பிட வைத்து இறக்குங்கள்.

இது கொஞ்சம் அதிகம் மேடம். 750 அடிக்குக் கீழே வெடி வைத்து லிஃப்ட் தோண்டி, சிற்றுண்டிக் கடையும் கழிப்பறையும் கட்டியவர்களுக்கு என் மகனின் சிப்ஸ்தான் பிரச்சனையா? தொடாதே, தின்னாதே என்பது நமக்கு மட்டும்தானா?

நியாயமான கோபம். கடையை நானும் ஆதரிக்கவில்லை. அதை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு பூங்கா தரப்பிலேயே எழுந்ததுண்டு. லிஃப்ட் 1930களின் தொடக்கத்து வேலை, இன்று யாராவது அப்படிக் கேட்டால் விடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று அவர்கள் செய்தது இன்று நீங்கள் சிந்துவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

நான் சிந்தச் சொல்லவில்லை. ஒரு விரல் பட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறேன்.

கைப்பிடிக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். கருத்து, பளபளப்பேறி இருக்கும். தோலின் எண்ணெய் ஒட்டியது அது. எண்ணெய் பட்ட இடத்தில் சொட்டு நீரின் சுண்ணாம்பு சரியாகப் படியாது. நுனி உடைந்தவையும் அதே உயரத்தில்தான் வரிசையாக இருக்கும், மேலே கண்ணை உயர்த்தினால் முழுசாகத் தொங்கும். ஆண்டுக்கு லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். ஒரு விரல் என்று யாரும் வருவதில்லை.

அப்படியானால் குகையை மூடிவிட வேண்டியதுதானே? *(இது வேறொருவர்.)*

சும்மா நடந்தாலே பாதிப்புதான் என்பது உண்மை. நம் உடையிலிருந்து நூல்துகள், முடி, தோல் செதில் எல்லாம் உதிர்ந்து பாதையோரப் பாறைகளில் சாம்பல் நிறப் படலமாகப் படிகிறது. பூச்சிகளுக்கு அது தீனி. தன்னார்வலர்கள் தூரிகையும் இடுக்கியுமாக மண்டியிட்டு அதைப் பொறுக்கி எடுக்கிறார்கள். விளக்கு பட்ட இடத்தில் பாசி வளர்கிறது. மழையோ வெயிலோ காற்றோ வந்து கழுவப்போவதில்லை, போட்டது கிடக்கும். அதற்காக மூடச் சொல்ல மாட்டேன். கார்ல்ஸ்பாடைத் திறந்து வைத்திருப்பதால்தான் லெச்சுகியாவை மூடி வைக்க முடிகிறது என்பது என் கட்சி. ஒரு குகையைக் காட்டினால்தான் இன்னொன்றைக் காட்டாமல் இருப்பதற்கு ஆதரவு கிடைக்கும்.

இது மேட்டிமைத்தனம் மேடம்.

இருக்கலாம் சார். கைகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

குகைக்குள் இருக்கும் குளத்தில் காசு போடலாமா?

இவ்வளவு நேரம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்?

டிக்கெட் அங்கேயே கிடைக்குமா அக்கா?

முதல் பதில்.

‘அடியில்லாக் குழி’ என்று பலகை இருக்கிறதாமே, நிஜமா?

அடி இருக்கிறது, சுமார் 140 அடியில். பெயர் வைத்த காலத்து விளக்கு வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

இரண்டாம் உலகப்போரில் இங்கிருந்த வவ்வால்களில் குண்டு கட்டினார்கள் என்கிறார்களே, வாட்ஸப் கதைதானே?

பாதி உண்மை. லைட்டல் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் 1941-ல் இந்தக் குகை வவ்வால்களைப் பார்த்துவிட்டு, தீக்குண்டு கட்டி ஜப்பான் மேல் விடலாம் என்று யோசனை சொன்னார். சோதனையும் நடந்தது. 1943-ல் சில வவ்வால்கள் தப்பி, கார்ல்ஸ்பாட் அருகே ராணுவத்தின் சொந்த விமானத்தளக் கட்டிடங்களையே கொளுத்திவிட்டன. ஜப்பான் வரை எதுவும் போகவில்லை.

வவ்வாலை வீடியோ மட்டும் எடுக்கலாமா? சத்தம் வராமல்?

கூடாது. வீடியோவும் ஃபோன்தான்.

ஆகஸ்டில் மழை இருக்குமா?

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை சகஜம். குகைக்குள் ஒன்றும் ஆகாது, வெளியே போகும் சாலைதான் ஆபத்து. அது வால்நட் பள்ளத்தாக்கு வழியே ஏறுகிறது, வெள்ளம் சட்டென்று வரும். 2022 ஆகஸ்டில் சுமார் 200 பேர் பார்வையாளர் மையத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் ஓடும் சாலையில் காரை இறக்காதீர்கள்.

டெக்சஸ் மிட்லாண்டிலிருந்து வருகிறோம், 10:30-க்கு முன்பதிவு. காலை 7 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

போதும். நியூ மெக்சிகோவில் உங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால், அவர்களின் 10:30 உங்களுக்கு 11:30. ஃபோன் கோபுரத்துக்குக் கோபுரம் மணியை மாற்றிக் காட்டும், அதை நம்பாதீர்கள். பீகோஸ் ஊர் பக்கமாக வந்தால் 285 நெடுஞ்சாலையில் எண்ணெய் லாரிகள் அணிவகுக்கும், முந்தப் பார்க்காதீர்கள். குகையைக் குடைந்த வாயு வந்த அதே படுகையிலிருந்துதான் அந்த லாரிகளும் வருகின்றன. கார்ல்ஸ்பாட் ஊரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். ஷூ விஷயம் மேலே சொல்லியிருக்கிறேன்.