கேள்வி பதில்: கரடித் தலை போட்ட ஆரஞ்சு அட்டை

கேள்வி: என் அண்ணன் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் பெரிய ரசிகர். 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' ஆல்பத்தை இன்றைக்கும் உருகி உருகிக் கேட்பார். அதற்கு அடுத்து வந்த 'மான்ஸ்டர்' பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார். 1994-ல் அது வந்தபோது விமர்சகர்கள் நல்லபடியாகத்தான் எழுதினார்கள் என்று படித்தேன். யார் சொல்வதை நம்புவது?

பதில்: அண்ணன் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பழைய சிடி கடை எதில் நுழைந்தாலும் 'மான்ஸ்டர்' ஆல்பத்தின் அந்த ஆரஞ்சு அட்டை, நடுவில் மங்கலாகக் கரடித் தலை, அடுக்கடுக்காகக் கிடக்கும் என்று ரசிகர்கள் இன்னமும் சொல்வார்கள். இத்தனைக்கும் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுப் பட்டியலிலும் முதலிடம் பிடித்த ஆல்பம் அது. அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்குக் குறையாமல் போயிருக்கிறது. அவ்வளவு பேர் வாங்கினதால்தான் அவ்வளவு பேர் திருப்பி விற்கவும் முடிந்தது, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

என்ன நடந்தது என்றால், 1991-ல் 'அவுட் ஆஃப் டைம்', 1992-ல் 'ஆட்டோமேட்டிக்' என்று இரண்டு ஆல்பம், மாண்டலினும் வயலின்களும் நிதானமான பாட்டுகளுமாக வந்து, அதுவரை இந்தக் குழுவின் பெயரே கேட்டிராத லட்சக்கணக்கான பேரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. ஆனால் குழு 1989-க்குப் பிறகு சுற்றுப்பயணமே போகவில்லை. மறுபடி மேடை ஏற வேண்டும், ஏறினால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நான்கு பேருக்கும் ஆசை. பீட்டர் பக் மாண்டலினைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரிக் கிடாரை எடுத்தார். மைக்கேல் ஸ்டைப்பின் குரல் அந்தக் கிடாருக்கு அடியில் போய்விட்டது. அந்தக் குரலுக்காகவே வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எண்பதுகளிலிருந்து கேட்டு வந்தவர்களுக்கு இது புதுசே இல்லையே! 1983-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'மர்மர்'-ல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று பாதி இடத்தில் யாருக்கும் புரியாது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகத்தையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்த வருடம் அது, அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 'மர்மர்'-ஐத்தான் சொன்னது. அன்றைக்கு அழகாகத் தெரிந்த மங்கல் பதினோரு வருடம் கழித்து எப்படிக் குற்றமாகும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டைப்பின் நண்பர், நடிகர் ரிவர் ஃபீனிக்ஸ் 1993 அக்டோபரில் இறந்தார், அவருக்குத்தான் இந்த ஆல்பத்தைச் சமர்ப்பித்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில், 1994 ஏப்ரலில், நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்னும் இறந்தார். 'லெட் மீ இன்' என்ற பாட்டு கோபெய்னுக்காக எழுதினது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவில் அதைக் கேளுங்கள். கரகரவென்று ஒரே கிடார்ச் சத்தம் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று ஒருவர் கத்திக் கூப்பிடுகிற மாதிரி ஸ்டைப் பாடுவார். போய்ச் சேர்ந்தவரைக் கூப்பிடுகிற பாட்டில் குரல் பளிச்சென்று முன்னால் வந்து நின்றால் எப்படி இருக்கும்? எனக்கு அது பொய்யாகத் தோன்றியிருக்கும்.

அதனால் என்னைக் கேட்டால் விமர்சகர்கள் பக்கம்தான். அண்ணனிடம் சண்டை போட வேண்டாம், இந்த ஒரு பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: 'மான்ஸ்டர்' 2019-ல் புது மிக்ஸிங்கோடு வந்ததாமே? புதிதாகக் கேட்கப் போகிற நான் எதில் ஆரம்பிப்பது?

பதில்: பழையதில். 25-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, குழுவோடு சேர்ந்து அதைத் தயாரித்த ஸ்காட் லிட்டே மறுபடி உட்கார்ந்து மிக்ஸிங் செய்தார், அதாவது குரல் எவ்வளவு, கிடார் எவ்வளவு என்று ஒலிகளின் அளவைப் புதிதாக அமைத்தார். தன் வேலையில் அவருக்கு அத்தனை வருடமும் ஒரு மனக்குறை இருந்திருக்கிறது, அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். குரல் மேலே வந்திருக்கிறது, கிடார் அடங்கியிருக்கிறது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'அப்பாடா, இப்போதுதான் வார்த்தை கேட்கிறது' என்று ஒரு பக்கம், 'எங்கள் பாட்டைக் கழுவித் துடைத்துவிட்டார்கள்' என்று ஒரு பக்கம். பழையதைக் கேட்டுப் பழகின பிறகு புதியதைக் கேட்டால் இரண்டுமே ருசிக்கும்.

பழையதில் முதல் பாட்டு 'வாட்ஸ் த ஃப்ரீக்வென்சி, கென்னத்' முடிகிற இடத்தைக் கவனியுங்கள். வேகம் மெல்ல மெல்லக் குறையும். திட்டமிட்டுச் செய்ததில்லை அது. பேஸ் கிடார் வாசித்த மைக் மில்ஸுக்குக் குடல்வால் வீங்கி வயிற்று வலி, அவர் வேகம் குறைய மற்றவர்களும் அவரோடு சேர்ந்து குறைத்திருக்கிறார்கள், அதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று பக் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒருவர் தடுமாறும்போது மற்ற மூன்று பேர் அவருக்காக நடையைத் தளர்த்துவது அந்த சிடியில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: ஆர்.இ.எம்.மின் மோசமான ஆல்பம் எது? மழுப்பாமல் சொல்லவும்.

பதில்: 2004-ல் வந்த 'அரவுண்ட் த சன்'. இதில் விமர்சகர், ரசிகர், நான் என்று யாருக்கும் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, சொந்த நாட்டில் 13-ஆம் இடம் வரைக்கும்தான். பக் அதைப் பற்றிப் பேசியதைப் படித்தால் மனசு கஷ்டப்படும்: எங்களுக்கே சலித்துப்போன பாட்டுகள், சலிப்பு காதில் விழுகிறது, உட்கார்ந்து கேட்க முடியவில்லை என்கிற அர்த்தத்தில் வெளிப்படையாகவே சொன்னார். டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரி, 1995-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் மேடையிலேயே மூளை ரத்தக்குழாய்ப் பிரச்சினையில் சுருண்டு, பிழைத்து வந்து, 1997-ல் விலகிவிட்டார். அவர் விட்டுப்போன பள்ளத்தை அந்த ஆல்பத்தில் ரொம்ப நன்றாகவே கேட்க முடியும்.

ஆனால் அப்புறம் செய்தது பெரிய விஷயம். 2007-ல் டப்ளினில் ஒலிம்பியா தியேட்டரில் ஐந்து இரவு, இன்னும் முடியாத புதுப் பாட்டுகளை, இது ஒத்திகைதான் என்று சொல்லிவிட்டே ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 2008-ன் 'ஆக்சிலரேட்', மொத்தமே 35 நிமிடத்துக்குள். விமர்சகர்களும் ரசிகர்களும் ஒரு வழியாக ஒன்றாகக் கைதட்டினார்கள். நானும் அதை அடிக்கடி போடுவேன், சமையலறையில் நின்றுகொண்டு.

கேள்வி: மறுபடி சேருவார்களா?

பதில்: 2011 செப்டம்பரில் சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்தார்கள், திரும்ப வர மாட்டோம் என்று தெளிவாகவே சொல்லிவருகிறார்கள். 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் பெர்ரியையும் சேர்த்து நான்கு பேரும் 'லூசிங் மை ரிலிஜன்' வாசித்தார்கள். அன்றைக்கு அந்த ஒரு பாட்டு, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.