சூட்கேஸில் இருக்கும் உடுப்பு

கேள்வி: நான் திருகோணமலைத் தமிழ்ப் பெண். கணவர் குருநாகலைச் சேர்ந்த சிங்களவர். விரும்பிக் கல்யாணம் செய்தோம். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறோம். அம்மாவும் எங்களோடுதான். அம்மா ஏதாவது சொன்னால் அவர் எழுந்து விறாந்தைக்குப் போய்விடுவார். அப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை. இன்றைக்கும் அவருடைய உடுப்பு சூட்கேஸில்தான் இருக்கிறது. ஒரு ஆலோசகரிடம் போனோம். பேச்சு முழுக்கச் சிங்களத்தில். "தமிழ்க் குடும்பங்களில் மாமியாரின் கை ஓங்கித்தான் இருக்கும். இது கலாசார வேறுபாடு, அனுசரித்துப் போங்கள்" என்று முடித்துவிட்டார். இது கலாசாரமா, அவர் குணமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, அந்தச் சூட்கேஸைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பது நம் கிழக்கில் புதிது இல்லை. யாரும் அதைக் குறைவாக நினைப்பதும் இல்லை. உங்கள் கணவரின் குருநாகல் பக்கத்துக் கண்டிய சிங்கள வழக்கம் வேறு. பெண் கணவன் வீட்டுக்குப் போனால் அது 'தீக' கல்யாணம், கணவன் பெண் வீட்டுக்கு வந்தால் 'பின்ன'. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டத்திலும் இந்தப் பிரிவு உண்டு. (உங்கள் கல்யாணம் பொதுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும், அது வேறு விஷயம்.) பின்ன மாப்பிள்ளையைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு பழைய பேச்சு இருக்கிறது. கைத்தடி, தாளிப்பனை ஓலை, பந்தம் மூன்றையும் அவன் மனைவியின் அறை வாசலிலேயே வைத்திருக்க வேண்டுமாம். போ என்றால் நடுச்சாமம் ஆனாலும், மழை பெய்தாலும், உடம்புக்கு முடியாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

உங்கள் கணவர் மனதில் இருப்பது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அந்தச் சொல் நினைவிலேயே இல்லாமல் இருக்கலாம். அலுமாரியில் இடம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இது தெரிந்த ஆலோசகர், "நீங்கள் மனைவி வீட்டில் இருப்பதைப் பற்றி உங்கள் அண்ணன் தம்பிமார் என்ன சொல்கிறார்கள்?" என்று அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். நீங்கள் போன இடத்தில் கேள்விக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

1998இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். மற்றவர் பண்பாட்டைப் படித்து முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, தன் எண்ணங்களையே கடைசிவரை சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது பட்டுத்தான் விளங்கியது. முன்பு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அவர் யாழ்ப்பாணம், அவள் மலையகம். இரண்டு பேரும் தமிழர்தானே என்று நான் எதையும் கேட்கவில்லை. ஐந்தாவது முறை வந்தபோதுதான், மாமியார் வீட்டில் தனக்கு வேறு கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்ததை அவள் சொன்னாள். நாலு வாரம் அவளை அதோடு உட்கார வைத்திருந்தேன் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று, மொழி. கடையில் சிங்களம் பேசுவது வேறு, அழுதுகொண்டே பேசுவது வேறு. அடுத்த ஆலோசகரிடம் முதல் நாளே கேளுங்கள்: நான் தமிழில் பேசலாமா? இரண்டு மொழியும் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வெளி ஆள் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். கணவர் வேண்டாம், உறவுக்காரரும் வேண்டாம். உங்கள் வார்த்தையை உங்கள் கணவரே மாற்றிச் சொன்னால், அந்த அறையில் அவர் பக்கம் இரண்டு குரல், உங்கள் பக்கம் ஒன்றுமில்லை.

கை நீட்டுவது, காசைப் பிடுங்குவது, போனைப் பறிப்பது போன்றவை இருந்தால் அதை எந்தக் கலாசாரத்தின் கணக்கிலும் எழுத வேண்டாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் ஒன்றுதான். பெண்கள் உதவி எண் 1938. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் அலுமாரியில் ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். உடுப்பை நீங்களாக எடுத்து அடுக்க வேண்டாம். "இது உங்களுக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.