குறுஞ்செய்தி பிள்ளைகளின் எழுத்தைக் கெடுக்கிறதா?

குறுஞ்செய்தி மொழி என்பது சொற்களைச் சுருக்கி, ஒலி மட்டும் புரியும்படி எழுதுவது. ஆங்கிலத்தில் 'கிரேட்' என்பதை ஜி, ஆர், 8 என்று மூன்றே குறிகளில் முடித்துவிடுவார்கள். ஒரு ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகளுக்குத்தான் இடம். சிக்கனம் வராமல் என்ன செய்யும்?

இதனால் எழுத்துப்பிழை பெருகும் என்ற பயம் பெரிதாக மெய்ப்படவில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 10-12 வயதுப் பிள்ளைகளில் சுருக்கங்களை அதிகம் பயன்படுத்தியவர்களே சொற்களை நன்றாக வாசித்தார்கள். யோசித்தால் புரியும்: ஒரு சொல்லின் ஒலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தானே அதைச் சுருக்க முடியும்? வீட்டுப் பேச்சும் மேடைப் பேச்சும் ஒரே வாயில் இருப்பதுபோல, சுருக்க எழுத்தும் முழு எழுத்தும் ஒரே கையில் இருக்கலாம்.

அதற்காக, போனில் தட்டிக்கொண்டே இருந்தால் வாசிப்பு வளரும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதால் ஒன்று மற்றொன்றை வளர்த்தது என்று ஆகிவிடாது.