தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறினால் இதயத்துக்குப் பாதுகாப்பா?

அப்பாவுக்கு ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள், இனி வீட்டில் செக்கு நல்லெண்ணெய் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறுங்கள், நல்லதுதான். ஆனால் எண்ணெயை மாற்றுவது பாதி வேலைதான்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம். இங்கே தோப்பு வைத்திருப்பவர்கள் சொந்தக் காயைக் காயவைத்து ஆட்டிக்கொள்வார்கள். “நம்ம காய், நம்ம செக்கு, இதுல என்ன கெடுதல்?” என்பார் என் மாமா. செக்கில் ஆட்டினால் மணமும் ருசியும் நிற்கும், சரி. கொழுப்பின் சேர்மானம் மாறாதே! தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலெண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் 15 வாக்கில், சூரியகாந்தியில் 11 போல. இந்தக் கொழுப்பு கூடினால், ரத்தத்தில் உள்ள எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்வது குறையும். மிஞ்சுவதுதான் ரத்தக்குழாயில் படிகிறது.

பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். தாவர எண்ணெயில் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் எப்போதுமே கிடையாது.

தேங்காய் எண்ணெய் ஊற்றிய இடத்தில் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ஊற்றினால்தான் பலன். பழையதும் ஓடட்டும், இதயத்துக்கு நல்லதென்று இட்லிப் பொடியில் இன்னொரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் என்றால் எடைதான் ஏறும். எங்கள் வீட்டில் தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டி போல வரும். அம்மாவுக்கு முதலில் கையே வரவில்லை, இப்போது பழகிவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் பெரிய வில்லங்கம் மீன் பொரித்த எண்ணெய்தான். முண்டு மிளகாய்த்தூள் கரிந்து அடியில் கறுப்பாகப் படிந்திருக்கும். மேலாக வடித்து வைத்து, மறுநாள் குழம்புக்குத் தாளிப்பார்கள், அதற்கடுத்த நாள் அதிலேயே இன்னொரு ஈடு நெத்திலி விழும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எந்த எண்ணெயும் கெட்டுப்போகும். சூரியகாந்தி இன்னும் சீக்கிரம் கெடும். டீக்கடை வடைச்சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மத்தி மலிவாகக் கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு அந்த மீனிலேயே இருக்கும் ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்புக்காக மாத்திரைக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள், பொரிக்காதீர்கள். கருவாட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

அப்புறம், எண்ணெயைத்தான் மாற்றிவிட்டோமே என்று அப்பாவின் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான், அவர் சொல்லும் வரை தொடரட்டும்.